கண்ணாடியில் பிடித்த ஆவி

பட்டப்பகலில், குடிக்காமல், தூங்காமல், வாடிக்கையாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க, அவருடைய வேனைக் கொண்டுபோய் ரோட்டோரக் கால்வாயில் இறக்கியவன் நான். சும்மாவும் இறக்கவில்லை. முன் கண்ணாடி மங்கிப்போனால் வண்டிக்கு என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே இறக்கினேன். விளக்கத்தில் குறை இருந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் என் கணக்கில் இருக்கிறது. நான் நீலகிரியில் கார் ஏசி கடை வைத்திருக்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் ரோட்டில், கேத்திக்குப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். கோயமுத்தூரில் தொழில் கற்றவன், அங்கேயே இருந்திருக்கலாம். சொந்த ஊரில் போட்டியே இருக்காது என்று கணக்குப் போட்டு மலையேறி வந்தேன். கணக்கு மிகச் சரி. போட்டிக்கு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. வாடிக்கையாளர்களும் அப்படியே. பொது நூலகத்தில் கதைப் புத்தக அலமாரிகளை முழுவதும் முடித்து, இப்போது இலக்கண அலமாரியில் இருக்கிறேன். தொழில் அந்த அளவுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்காக எழுதித் தரும்படி எங்கள் மெக்கானிக் சங்கத்தில் சொன்னார்கள். கோபப்படாமல் எழுத முயன்றேன். முடியவில்லை. தொழிலும் ஏசி, குணமும் ஏசி என்றாகிவிட்டது.

ஊட்டியில எதுக்குங்க ஏசி?

கடை திறந்த நாளில் என் முதல் வாடிக்கையாளர் கேட்ட கேள்வி இது. அவர் வாடிக்கையாளர் அல்ல, டயருக்குக் காற்று பிடிக்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. போர்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டியில எதுக்குங்க ஏசி? கதவத் தெறந்தா ஏசி, சாத்துனா பிரிட்ஜு" என்றார். இத்தனை வருடங்களில் இதே நகைச்சுவையை என்னிடம் சொல்லாத ஆள் இந்த மலையில் மிகக் குறைவு. ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்ததைப் போலச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரித்தாக வேண்டும்.

ஏசி குளிர வைக்கும். அது அதன் பாதி வேலை. காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளுவது மறுபாதி. மழைநாளில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வண்டிக்குள் நாலு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மறைத்துவிடும். ஏசியைப் போட்டு, ஹீட்டரையும் கூடத் திருப்பிவிட்டால் குளிரவும் செய்யாது, கண்ணாடியும் காய்ந்துவிடும். சமவெளியில் ஏசி சொகுசு. இங்கே அது பிரேக்குக்கு அடுத்தபடி.

நம்மவர்கள் செய்வது வேறு. கோயமுத்தூரிலிருந்து மேலே வரும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி மலையடியில் கல்லாறு வந்ததும் கை தானாகப் போய் ஏசியை அணைக்கும், கோயிலைக் கண்டதும் செருப்பைக் கழற்றுவது போல. அடுத்த கல்யாணத்துக்குக் கீழே இறங்கும்வரை அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் கண்ணாடி மறைத்தால் பழைய துணி, செய்தித்தாள், பீடித்தூள், வெட்டிய உருளைக்கிழங்கு, ஷாம்பு. ஒருவர் விபூதி பூசிப் பார்த்திருக்கிறார். அவர் வண்டியில் ஏசி நல்ல நிலையில் இருந்தது.

ஓடாத ஏசி கெடும். கம்ப்ரெஸருக்குள் இருக்கும் ஆயில், கேஸோடு சேர்ந்து சுற்றினால்தான் முன்பக்க சீல் ஈரமாக இருக்கும். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் சீல் காய்ந்து, கேஸ் அந்த வழியாகக் கிளம்பிவிடும். அதனால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது ஏசி போடுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். "டீசல் குடிக்குமுங்களே" என்பார்கள்.

கேஸ் அடிச்சு விடுங்க

போன ஆடி மாதக் கடைசியில் சிவலிங்கம் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். கேத்தியில் கேரட் கழுவும் மெஷின் போட்டிருப்பவர். கேரட்டில் வந்த பணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போக மூன்று வேன் ஓட்டுகிறார். இது மூன்றிலும் மூத்தது, யாரோ டூரிஸ்ட்காரர் ஓட்டிக் களைத்த ஏசி வேன்.

"ஆவணியில திருப்பூர்ல மச்சான் பையன் கல்யாணம். ஊட்டுல எல்லாரும் இதுலதான் எறங்கறோம். கேஸ் மட்டும் அடிச்சு உடுங்க" என்றார்.

இந்த 'கேஸ் அடிச்சு விடுங்க' என்ற தொடரைக் கேட்டாலே எனக்கு ரத்தம் சூடாகும். அடுப்புக்கு வாங்கும் கேஸ் தீரும், ஏனென்றால் அது எரிகிறது. கார் ஏசியில் கேஸ் எரிவதில்லை. சுற்றுகிறது, திரும்ப வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைப் பார்க்காமல் மேலே மேலே அடித்துவிடுகிறவன் மெக்கானிக் அல்ல, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிறவன். கீழே அப்படிப்பட்ட கடைகள் நிறைய. அவர்களிடம் கூட்டம். என்னிடம் இலக்கணம்.

"கேஸ் எங்க போச்சுன்னு பாக்காம அடிக்க மாட்டனுங்க" என்றேன்.

"எங்கியோ போகுது. கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நின்னாப் போதும்."

"அப்பறம்?"

"அப்பறம் எதுக்குங்க? ஊட்டியில எதுக்கு ஏசி?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

பேனட்டைத் திறந்தேன். கம்ப்ரெஸர் முன்பக்கம் ஆயில் கசிந்து, தூசி ஒட்டி, கறுப்பாக அப்பியிருந்தது. சீல் காய்ந்து நாளாகிவிட்டது. அதைவிட முக்கியமாக, கம்ப்ரெஸர் கிளட்சுக்குப் போகும் வயர் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்ததல்ல. கட்டிங் பிளேயரால் நேர்த்தியாக வெட்டி, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். உள்ளே எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் ஏசி ஓடாது.

"இது யாருங்க வெட்டுனது?"

"நாந்தான் வெட்டச் சொன்னேன்" என்றார், ஒரு நல்ல காரியத்தை ஒப்புக்கொள்பவர் போல. "டிரைவருங்களுக்கு என்ன? ஏசியப் போட்டுட்டு உக்காந்து பாட்டுக் கேப்பானுங்க. டீசல் யாரு போடறது?"

எனக்கு ஜெபராஜின் ஞாபகம் வந்துவிட்டது.

தூங்குமூஞ்சி

ஜெபராஜ் அந்த வேனின் டிரைவராக இருந்தவர். நாற்பதைத் தாண்டியவர். மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, மழையில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேத்தியிலிருந்து மேலே வரும் வழியில், கேரட் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவில் வேனைக் கால்வாயில் இறக்கிவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு டிபன் டப்பா மட்டும் உருண்டு போனது. அன்றைக்கே வேலை போயிற்று.

எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் கதை தெரியும். ஜெபராஜ் சொன்னது ஒரே வரிதான்: "கண்ணாடியில ஆவி புடிச்சிருச்சுங்க, ஒண்ணுமே தெரியல." சிவலிங்கம் அதைப் பேக்கரியில் வைத்து நாலு பேருக்கு முன்னால் நடித்துக் காட்டினார். "ஆவி புடிச்சிருச்சாம்! பேயா பிசாசா? தூங்கிப்போட்டு ஆவிங்கறான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. டிரைவருக்கு வேறு முதலாளி கிடைப்பார். குடிகாரன் என்ற பேரோடுகூட லாரி ஓட்டலாம், சமாளிக்கலாம். ஆனால் தூங்கிவிட்டான் என்று பேர் வாங்கினவனுக்கு இந்த மலையில் பிள்ளைகள் ஏறும் வண்டியின் சாவியை யார் கொடுப்பார்கள்? ஜெபராஜ் மூன்று பள்ளிக்கூடங்களில் போய் நின்றார். மூன்றிலும் அந்தப் பேர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அதே வளைவுக்குப் பக்கத்தில், வேறொருவரின் கேரட் மெஷினில் மூட்டை தூக்கப் போனார். கூட வேலை செய்பவர்கள் அவரைத் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார். வேறு என்ன செய்வார்?

இப்போது என் கையில் அந்த வெட்டிய வயர். டேப்பின் பிசின் காய்ந்து விரலில் உதிர்ந்தது. வெட்டி வெகுநாள் ஆகியிருந்தது.

முள் முப்பதைத் தொடாத ஊர்

வேனை இரண்டு நாளைக்கு விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "கேஸ் அடிக்க ரெண்டு நாளா? நல்லாப் பொழைக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளையவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்கவும்.

முதலில் நைட்ரஜன் ஏற்றி, எல்லா ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கம்ப்ரெஸர் சீலில் நுரை பொங்கியது. கன்டென்ஸர் பக்கம் ஒரு ஓ-ரிங்கும் போயிருந்தது. இரண்டையும் மாற்றி, உள்ளே சேரும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போட்டேன். திறந்து கிடந்த பழைய சிஸ்டத்தில் டிரையரை மாற்றாமல் விடுகிறவனோடு நான் பேசுவதில்லை. பிறகு, உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வாக்குவம் பம்ப்.

இங்கே ஒரு மலைநாட்டு ரகசியம். கோயமுத்தூரில் பம்பைப் போட்டால் கேஜ் முள் கிட்டத்தட்ட முப்பது அங்குலம் வரை இறங்கும். இங்கே இருபத்து நாலைத் தாண்டாது. உயரத்தில் காற்றே மெலிந்தது, அவ்வளவுதான். கடை திறந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பம்ப் கெட்டது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கினேன். அதுவும் இருபத்து நாலில் நிற்க, கேஜை மாற்றினேன். கடைசியில் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் நினைவுக்கு வந்தது. எத்தனை வரை இறங்குகிறது என்பது இங்கே கேள்வி இல்லை. பம்பை நிறுத்திய பிறகு முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஓட்டை இல்லை.

கேஸ் ஏற்றும்போது இன்னொன்று. இந்தக் குளிரில் சிலிண்டரில் பிரஷர் இருக்காது, கேஸ் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கும். சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர் பக்கெட்டில், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் நிற்க வையுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது பூக்கடை வைத்திருக்கிறார். எடை போட்டு, கம்பெனி சொன்ன அளவு மட்டும் ஏற்றுங்கள்.

எல்லாம் முடிந்தது. வயரை மட்டும் நான் இணைக்கவில்லை. கோபத்தில் இருந்தேன். ஒரு திட்டமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவனுக்கு இருக்கக் கூடாது.

செயல்முறை விளக்கம்

வேனை எடுக்க சிவலிங்கம் தனியாக வரவில்லை. மனைவி பரிமளா, மனைவியின் அக்கா, அக்காவின் மகள்கள் என்று ஜீப்பில் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. குன்னூரில் கல்யாணத்துக்குத் துணி எடுத்துவிட்டு வருகிறார்கள். நல்ல மழை. எல்லோரும் நனைந்த குடைகளோடு வேனில் ஏறினார்கள்.

"நானே ஓட்டிக் காட்டறனுங்க, டெஸ்ட் டிரைவ்" என்றேன். ஜெபராஜ் இறக்கிய வளைவுக்கு முன்னால் ஒரு அகலமான இடம் உண்டு. கண்ணாடி மறைக்க ஆரம்பித்ததும் அங்கே ஓரம் கட்டி, "இதுதான் அந்த ஆவி" என்று சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் வயரை இணைத்து, கண்ணாடி தெளிவதைக் காட்ட வேண்டும். மனதுக்குள் வசனம்கூடத் தயார்.

கேத்தி ரோட்டில் திரும்பியதும் கண்ணாடி ஓரங்களில் வெள்ளை படிய ஆரம்பித்தது. நான் ஏசி பொத்தானை அழுத்திக் காட்டினேன்.

"பாருங்க, அமுத்தறேன். ஒண்ணும் ஆகல. ஏன்? வயர் இல்ல. ஜெபராஜும் இப்படித்தான அமுத்தியிருப்பான்?"

"இப்ப எதுக்குங்க அவன் பேச்சு? அவன் தூங்குனான்."

"தூங்குனதப் பாத்தீங்களா?"

"காவாயில எறங்குனதப் பாத்தனே!"

அங்கேதான் என் பிடி விட்டது. பின்னால் பட்டுப்புடவை மூட்டைகள், ஈரக் குடைகள், ஏழெட்டுப் பேர் மூச்சு. நான் சிவலிங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டேன். "உங்க ஊட்டுச் சனம் கல்யாணத்துக்குப் போக ஏசி வேணும். ஊரான் புள்ளைங்க மழையில பள்ளிக்கூடம் போக ஏசி வேண்டாம். கண்ணு தெரியாம ஓட்டறவனுக்கு வேண்டாம். அவன் பாட்டுக் கேட்டா உங்க டீசல் தீந்துரும். அவன் சோறு போனா..."

"ஏனுங்க, முன்னால பாருங்க" என்றார் பரிமளா.

முன்னால் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். கையால் துடைத்தேன், வெள்ளை கலங்கிச் சாம்பலானது. பிரேக்கை மிதித்தேன். அகலமான இடம் எப்போதோ பின்னால் போயிருந்தது. முன் சக்கரம் மெதுவாக, மிக மரியாதையாக, கால்வாய்க்குள் இறங்கியது. அதே வளைவு. புடவை மூட்டைகள் முன்பக்கம் வந்து சேர்ந்தன.

யாருக்கும் அடி இல்லை. முதலில் பேசியது பரிமளா.

"ஏனுங்க, இவரு தூங்குனாரா?"

சிவலிங்கம் மடியில் வந்து விழுந்த புடவை மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். இவரு தூங்கிட்டே வண்டி ஓட்டுனாரா?"

"தூங்கறவன் இப்படிப் பேசுவானா? வாய மூடவே இல்லியே இந்தாளு!"

"அப்ப எப்படி எறங்குச்சு?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

சத்தம் கேட்டுக் கேரட் மெஷினிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் ஓடி வந்தார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முதல் ஆளாக வந்தவர் ஜெபராஜ். வண்டியைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்களுமா?"

நான் இறங்கி, பேனட்டைத் திறந்து, மழையிலேயே வயரை இணைத்து டேப் சுற்றினேன். மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. ஜெபராஜ் ஏறினார். மற்றவர்கள் தூக்கிக் கொடுக்க, ரிவர்ஸில் வண்டியை மேலே எடுத்தார். பிறகு ஏசியைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டார். கண்ணாடியின் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் தெளிந்தது. தெளிந்த இடம் அகன்று, மேலே ஏறி, வளைவு தெரிந்தது, கால்வாய் தெரிந்தது, எதிரே கேரட் தோட்டம் முழுவதும் தெரிந்தது.

"ஏண்டா, இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் சிவலிங்கம்.

"சொன்னனுங்க. வயர சேத்துக் குடுங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். ஊட்டியில எதுக்குடா ஏசின்னீங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வண்டிய நீயே எடு ஜெபராஜு" என்றார் பரிமளா. கணவரிடம் அவர் கேட்கவில்லை.

ஜெபராஜ் தலையிலிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார். "எடுக்கறனுங்க. ஆனா மொதலாளி என்னையத் தூங்குனேன்னு எங்கெங்க சொன்னாரோ, அங்கெல்லாம் போயி நாந் தூங்கலைன்னு சொல்லோணும். பேக்கரியிலயும் சொல்லோணும்."

போர்டு

சிவலிங்கம் சொன்னார். ஒரு இடம் விடாமல் சொன்னார். ஆனால் அவர் சொன்ன விதம் இப்படி: "ஜெபராஜ் மேல தப்பில்லீங்க. அந்த வளைவே அப்படி. ஏசி மெக்கானிக்கே எறக்கிட்டான்னாப் பாத்துக்கங்க!" பேக்கரியில் இப்போது நடித்துக் காட்டப்படுவது நான். ஒரு கையால் ஸ்டியரிங், மறுகையால் பிரசங்கம். நன்றாகவே நடிக்கிறார். ஜெபராஜின் பேர் துலங்கியது. அந்தப் பேரிலிருந்த அழுக்கு எங்காவது போய்ச் சேர வேண்டுமே, என்னிடம் வந்து சேர்ந்தது. பம்பர் வேலையும் என் தலையில்தான்.

கல்யாணம் முடிந்து வந்தபின் சிவலிங்கம் வயரை மறுபடி வெட்டவில்லை. வெட்டச் சொல்லிக் கடைக்கு வந்தார் என்பதையும், நான் கட்டிங் பிளேயரை அவர் கையில் கொடுத்து, "பரிமளாக்காவக் கூட்டிட்டு வந்து நீங்களே வெட்டுங்க" என்றேன் என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றது இது. கேஸ் குறைந்தால் ஓட்டையைத் தேடுங்கள். வண்டி கால்வாயில் இறங்கினால், டிரைவரின் கண்ணைப் பார்ப்பதற்கு முன் பேனட்டைத் திறந்து பாருங்கள். ஓட்டும்போது யாரையும் திருத்தாதீர்கள்.

இன்னொன்றும் கற்றேன். 'ஏசி' என்று எழுதியிருக்கும்வரை இந்த ஊர் குளிரைத்தான் நினைக்கும், சிரித்துவிட்டுப் போகும். ஜெபராஜின் சொல்லே சரியான சொல். இலக்கண அலமாரியில் இருக்கும் தைரியத்தில், சொந்தச் செலவில் போர்டை மாற்றி எழுதினேன். பெரிய எழுத்தில், சிவப்பில்: 'இங்கு வண்டிகளில் பிடித்த ஆவி நீக்கப்படும்.' இனி யாரும் குளிரைப் பற்றி ஜோக் அடிக்க முடியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் எலுமிச்சம்பழப் பை. போர்டை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க சாமி, வண்டிக்கு மட்டுந்தானுங்களா? எங்கூட்டுக்காரருக்கும் ஒருக்காப் பாத்து எடுத்து உட்டீங்கன்னா..."